தேம்ஸ் நடுவே ஒரு பாட்டு விடுதி

1950-களின் கடைசியில், லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் நதியில் கிடக்கும் குட்டித் தீவு ஒன்று தனக்கென்று பாஸ்போர்ட் அச்சடித்துக் கொடுத்தது. நாட்டின் பெயர் ‘ஈல்பைலேண்ட்’. வழங்கும் அதிகாரி ‘இளவரசர் பான்’. கிரேக்கக் கதைகளில் குழலூதித் திரியும் ஆட்டுக்கால் தேவன்தான் அவர். இதை வைத்திருப்பவர் ஆடிக் களிப்பதற்கு வேண்டிய உதவிகளை யாவரும் செய்து தர வேண்டும் என்று, அரசாங்கக் காகிதங்களுக்கே உரிய மிடுக்கோடு அதில் அச்சிட்டிருந்தது. தீவிலிருந்த பழைய விடுதியில் நடந்த இசைக் கூட்டத்தின் உறுப்பினர் அட்டை அது.

அந்த விடுதியின் மேடையில் ஏறியவர்கள் பட்டியலைப் படித்தால், யாரோ புளுகுகிறார்கள் என்றுதான் தோன்றும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1963-இல் அங்கே வாரந்தோறும் வாசித்தது. எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜான் மேயால், ராட் ஸ்டூவர்ட் எல்லோரும் வந்திருக்கிறார்கள். டேவிட் போவி என்ற பெயரை இன்னும் சூட்டிக்கொள்ளாத டேவி ஜோன்ஸ் என்ற பையனும் வந்து பாடினான். கடைசிக் காலத்தில் பிளாக் சபாத், ஜெனிசிஸ். பின்னாளில் விளையாட்டு மைதானங்களை நிரப்பியவர்கள் பலர், ஒரு காலத்தில் ஆற்றின் நடுவே ஒரு பழங்கட்டடத்தில் சில நூறு பேருக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நட்சத்திரங்களின் கதையை எல்லோரும் எழுதியாயிற்று. அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டின் கதைதான் எனக்குச் சுவாரசியம். அந்த வீடு எப்படி ஓடியது, யார் ஓட்டினார்கள், ஏன் இன்று அதில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை என்பதைப் பார்க்கலாம்.

விலாங்கு, படகு, பிக்னிக்

ட்விக்கன்ஹாம் ஊரின் படித்துறைக்கு எதிரே இருக்கிறது ஈல் பை தீவு. பெயருக்குக் காரணம் விலாங்கு மீனை மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம். படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு அதை விற்றிருக்கிறார்கள். கடலின் ஏற்ற இறக்கம் தேம்ஸில் டெடிங்டன் மதகு வரை எட்டும். தீவு அந்த மதகுக்குச் சற்றுக் கீழே இருப்பதால், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் எதிர்க்கரைச் சாலையே தண்ணீரில் மூழ்கும். காரை நிறுத்திவிட்டுத் தீவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து சக்கரம் முங்கிய காரைப் பார்த்துத் தலையில் கை வைப்பது அங்கே வாடிக்கை.

விடுதிக் கட்டடம் எழுந்தது 1830-இல். லண்டனிலிருந்து நீராவிப் படகுகள் கூட்டத்தை ஏற்றிவந்து இறக்கின. 1838-39-இல் தொடராக வந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘நிக்கோலஸ் நிக்கில்பி’ நாவலில் ஒரு சிறுமி தோழிகளோடு இந்தத் தீவுக்குப் பிக்னிக் போக ஆயத்தமாவதாக ஓர் இடம் வருகிறது. ஆறிய உணவு, பாட்டில் பீர், இறால், திறந்தவெளியில் வாத்தியக் கோஷ்டிக்கு ஏற்ப ஆட்டம் என்பது அன்றைய நிகழ்ச்சி நிரல். ஆக, ஆற்றைக் கடந்து போய்ச் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, ஆடிவிட்டு வருவது அந்தத் தீவில் ராக் இசைக்கு நூற்றிருபது வருடம் முந்திய பழக்கம்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நடுத்தர வர்க்கத்து ஜோடிகள் வந்து தேநீர் குடித்து நாகரிகமாக ஆடினார்கள். அதற்கென்று போட்ட மரத்தளம் மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் அமுங்கி எழும் வகையைச் சேர்ந்தது. ஆடுகிறவர் முழங்கால் நோகாது. இந்தத் தரையைக் கவனத்தில் வையுங்கள். இரண்டாம் போருக்குப் பிறகு விடுதி களையிழந்தது. 1951-இல் மைக்கேல் ஸ்னாப்பர் என்ற வியாபாரி அதை வாங்கினார். வாங்கியவருக்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெளிவில்லை.

சிஸ்னல் என்ன தேடினார்?

ஸ்னாப்பருக்குக் கிங்ஸ்டனில் பழம்பொருள் கடை உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் ஆர்தர் சிஸ்னல். 1956-இல் தீவு விடுதியில் தொடங்கிய ஜாஸ் இரவுகளை நடத்தியவர் இவரே. ஆனால் இவர் இசை வியாபாரி இல்லை. இளைஞர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள், எதனால் வழி தவறுகிறார்கள் என்று பார்ப்பதில்தான் இவருக்கு நாட்டம். சமூக ஆய்வாளர் என்றே தம்மைக் கருதிக்கொண்டார். இசை அவருக்குத் தூண்டில்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. போர்க்காலத்து ரேஷன் 1954-இல்தான் முழுதாக முடிந்திருந்தது. வேலைக்குப் போகத் தொடங்கிய பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் முதன்முறையாகச் சொந்தக் காசு புரண்டது. போக இடமில்லை. உள்ளூர் பப் அப்பாக்களின் இடம். நடனக் கூடம் என்றால் டை கட்ட வேண்டும். ஈல் பை தீவிலோ யாரும் உடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிங்ஸ்டன், ஈலிங் ஓவியக் கல்லூரிகள் இருந்தன. தாடியும் தொளதொள ஸ்வெட்டருமாக மாணவர்கள் குவிந்தார்கள். கிளாப்டன் கிங்ஸ்டன் கல்லூரி மாணவர், ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஈலிங் மாணவர் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் கரைக்கும் தீவுக்கும் பாலமே கிடையாது. ட்ரம்ஸ், ட்ரம்போன், டபுள் பேஸ் எல்லாம் படகில் போயின. 1957-இல் ஒரு நடைபாலம் வந்தது. கார் போகாது, ஆள் மட்டும் போகலாம். பாலத்து முனையில் உட்கார்ந்து சில பென்னி சுங்கம் வாங்கினார்கள். அந்தச் சில்லறையைக் கொடுக்கும் நிமிடத்தில்தான் வேறு தேசத்துக்குள் நுழைவதாகத் தோன்றும் என்று பலரும் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சிஸ்னலின் பாஸ்போர்ட் வேடிக்கை எடுபட்டதற்குக் காரணம் இந்தப் புவியியல்தான் என்று நினைக்கிறேன். அதே அட்டையைக் கடைத்தெருவில் ஒரு மாடியறைக்குக் கொடுத்திருந்தால் அசடு வழிந்திருக்கும்.

உள்ளே ஜாஸ் என்றால் நியூ ஆர்லியன்ஸ் பாணி. கென் காலியர், ஜார்ஜ் மெல்லி, ஏக்கர் பில்க் போன்றவர்கள். காலியர் சாதாரண ஆளில்லை. அந்த இசையை அதன் ஊரிலேயே கேட்க வேண்டும் என்று கப்பலில் வேலைக்குச் சேர்ந்து அமெரிக்கா போய், விசாக் காலம் முடிந்தும் தங்கியதால் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்ட பித்தர்கள் ஊதினால் கூட்டம் சும்மா நிற்குமா? நான் சொன்ன அந்த மரத்தளம் இப்போது வேலையைக் காட்டியது. சில நூறு பேர் ஒரே தாளத்தில் குதிக்க, தரை ஏறி இறங்கியது. ஆடாமல் நின்றவர்களையும் அது தூக்கிப் போட்டது. அங்கே போன எவருடைய நினைவிலும் பாட்டுக்கு அடுத்து நிற்பது அந்தத் தரை.

சிஸ்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். யார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், யார் படிப்பை விட்டவள் என்று அவருக்குத் தெரியும். கூப்பிட்டுப் பேசுவார். மேலே படிக்க வழியில்லாதவர்கள் என்று ஊர் கைவிட்ட சிலரை, வயது வந்தோருக்கான கல்லூரிகளில் சேரும்படி வழிகாட்டினார். போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு உதவி தேடித் தந்தார். வாசலில் டிக்கெட் கிழிப்பதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. இந்த வீட்டின் வெற்றியில் பாதி மேடையில் இருந்தது என்றால், மறு பாதி இந்த மனிதரின் கண்ணில் இருந்தது. 2006-இல் அவர் காலமானபோது, அந்தக் காலத்துப் பிள்ளைகள், அப்போது தாத்தா பாட்டிகள், நன்றியோடு பேசியது அவர் ஏற்பாடு செய்த கச்சேரிகளை மட்டும் பற்றியல்ல.

கருவி மாறியது

1962 வாக்கில் ஊதுகுழல் ஜாஸ் சலிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் ஈலிங்கில் ஒரு நிலவறையில் ப்ளூஸ் மன்றம் திறந்தார்கள். ரிச்மண்டில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டேஷன் ஹோட்டலில் 1963-இல் ‘க்ராடாடி’ மன்றம் கூடியது. ஈலிங், ரிச்மண்ட், ட்விக்கன்ஹாம் மூன்றும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள். ஒரே கோஷ்டி ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸை, இங்கிலாந்துப் புறநகரின் வெள்ளைக்காரப் பையன்கள் மின்சாரக் கிடாரில் கற்றுக்கொண்டது இந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவேதான்.

1964 ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈல் பை தீவில் சிரில் டேவிஸின் குழு வாசித்து முடித்த இரவு. அந்தக் குழுவின் பாடகர் லாங் ஜான் பால்ட்ரி ரயிலுக்காக ட்விக்கன்ஹாம் நிலையத்துக்கு வருகிறார். நடைமேடையில் பெரிய மூக்குள்ள பையன் ஒருவன் உட்கார்ந்து, ஹௌலின் வுல்ஃபின் பாட்டொன்றை மவுத் ஆர்கனில் வாசித்துக்கொண்டிருக்கிறான். அவனும் அதே கச்சேரிக்கு வந்து திரும்புகிறவன். பெயர் ராட் ஸ்டூவர்ட். அங்கேயே பேச்சுக் கொடுத்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டார் பால்ட்ரி. அதே வாரத்தில் சிரில் டேவிஸ் இறந்துபோனார், வயது 31. குழுவைப் பால்ட்ரி ஏற்று நடத்த, ஸ்டூவர்ட் அதில் பாடகரானார். நடுவயதுக்காரர்கள் நடத்தும் பாட்டுப் போட்டிகளில் நீதிபதிகள் முன் நின்று தேர்வாகும் இன்றைய முறையை நினைத்தால், கடைசி ரயிலுக்குக் காத்திருக்கும் நடைமேடை எவ்வளவு நல்ல தேர்வுக் கூடம்!

காகிதத்தில் வந்த முடிவு

1967-இல் விடுதி மூடப்பட்டது. கூட்டம் குறைந்து மூடவில்லை. கெட்ட பெயர் மட்டுமே மூடிவிடவும் இல்லை. கட்டடத்தைப் பழுது பார்த்தால்தான் நடத்தலாம் என்றார்கள் அதிகாரிகள். பழுதுபார்ப்புக்கு ஆகும் தொகை சுமார் 2,00,000 பவுண்டு. அந்தக் காலத்தில் லண்டன் புறநகரில் தெரு முழுக்க வீடு வாங்கக்கூடிய பணம் அது. ஸ்னாப்பரால் முடியவில்லை.

1969-இல் ‘கர்னல் பேர்ஃபுட்ஸ் ராக் கார்டன்’ என்ற பெயரில் மீண்டும் திறந்தது. கனத்த ராக் இசை. அதற்குள் விடுதியின் காலி அறைகளில் இளைஞர்கள் குடியேறிவிட்டார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய ஹிப்பிக் குடியிருப்பு என்று 1970 வாக்கில் அதைச் சொன்னார்கள். குளிருக்குக் கதவையும் படிக்கட்டையும் உடைத்து எரித்தார்கள் என்பது அங்கிருந்தவர்களே சொன்ன கதை. இதைப் புரட்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டின் சீரழிவு அது. சிஸ்னல் அப்போது அங்கே இல்லை என்பது தற்செயல் அல்ல.

1971-இல் கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. காரணம் துலங்காத தீ. அந்த இடத்தில் இப்போது ஆற்றைப் பார்த்த வரிசை வீடுகள் நிற்கின்றன.

இடிந்த வீட்டுக்கும் வாரிசுகள் முளைத்தார்கள். பீட் டவுன்ஷெண்ட் தம் பதிப்பகத்துக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் ‘ஈல் பை’ என்று பெயர் வைத்தார். கையால் முறுக்கினால் பாடும் ரேடியோவைக் கண்டுபிடித்த ட்ரெவர் பேலிஸ் தீவிலேயே வீடு கட்டி 2018-இல் இறக்கும் வரை அங்கே வாழ்ந்தார். இளமையில் ஜாஸ் கேட்கத் தீவுக்கு வந்து போனவர். 2000-களில் ‘மிஸ்டரி ஜெட்ஸ்’ என்ற குழு அதே தீவிலிருந்து கிளம்பியது. அப்பாவும் மகனும் ஒரே குழுவில் வாசித்தார்கள்.

பாட்டுக்கு லைசென்ஸ், ஃபுட்பாலுக்கு வேண்டாம்

ஈல் பை தீவோடு கதை முடியவில்லை. இங்கிலாந்தின் ஊர்ப்புற விடுதிகளில் பாட்டு என்பது ராக் இசைக்கு வெகு முந்தியது. சஃபோக் மாவட்டத்தின் சதுப்பு நிலத்தில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்ற சின்ன ஊர். அங்கே ‘ஈல்ஸ் ஃபுட்’ விடுதி. விலாங்கு இங்கேயும் பெயரில் ஒட்டிக்கொண்டது. 1939-இல் பி.பி.சி.க்காக ஏ.எல். லாயிட் அங்கே போய் விவசாயக் கூலிகள் பாடியதைப் பதிவு செய்து ஒலிபரப்பினார். மேடை கிடையாது. தலைவர் ஒருவர் மேசையைத் தட்டி ஒழுங்கு சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டால் பாட வேண்டும், இல்லை ஏதாவது சொல்ல வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் காசு வைக்க வேண்டும். கேட்க மட்டும் வந்தவன் என்று ஒரு ஜாதியே அங்கே கிடையாது.

இப்படிப் பாடியவர்களைச் சட்டம் படுத்திய பாடு தனிக் கதை. நம்மூரில் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது போல, இங்கிலாந்திலும் பப்பில் இசை என்றால் லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1961-இன் சட்டம் ஒரு சலுகை தந்தது. இரண்டு பேர் வரை பாடினால், வாசித்தால் தனி அனுமதி தேவையில்லை. மூன்றாவது ஆள் பிடிலை எடுத்தால் குற்றம். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் நாட்டுப்புற இசைக்கு இது எவ்வளவு பொருந்தாது என்று சொல்ல வேண்டியதில்லை.

2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2003-ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம் அந்த இருவர் சலுகையையும் எடுத்துவிட்டது. ஒரே ஒருவர் கிடார் வாசித்தாலும் அனுமதி வேண்டும். அதே சட்டத்தில் பெரிய திரையில் ஃபுட்பால் ஒளிபரப்புக்கு அனுமதி தேவையில்லை. நூறு பேர் கோல் என்று கத்தலாம். ஒருவர் மெதுவாகப் பாடக் கூடாது. காலில் மணி கட்டிக் கைக்குட்டை வீசி ஆடும் மாரிஸ் நடனத்துக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்கு கொடுத்திருந்தார்கள். பாராளுமன்றத்தில் யாருக்கோ அந்த ஆட்டம் பிடித்திருக்க வேண்டும்.

பாட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். பிரபுக்கள் சபையில் கிளமெண்ட்-ஜோன்ஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2012-இல் லைவ் மியூசிக் சட்டமானது. மது விற்க லைசென்ஸ் உள்ள இடங்களில் காலை 8 முதல் இரவு 11 வரை, 200 பேர் வரை கூடும் ஒலிபெருக்கி இசைக்குத் தனி அனுமதி வேண்டாம் என்றது. 2015 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 500 ஆனது. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் தலைக்கணக்கே இல்லை. தொல்லை என்று புகார் வந்தால் உள்ளாட்சி மறுபரிசீலனை செய்து கட்டுப்பாடு விதிக்கலாம். முதலில் நடத்தவிடு, கெடுத்தால் கேள் என்பது இதன் உள்கருத்து. நியாயமான சட்டம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு தலைவலி அண்டைவீட்டார். நூறு வருடம் பாட்டு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பில்டர் அடுக்ககம் கட்டுவார். குடிவந்தவர் சத்தம் என்று புகார் கொடுப்பார். பாட்டு நிற்கும். 2018-இல் இங்கிலாந்தின் திட்ட நெறிமுறையில் இதற்கு ஒரு விதி சேர்ந்தது. பிறகு வந்து கட்டுகிறவர்தான் சத்தத்தைத் தடுக்கும் செலவை ஏற்க வேண்டும், ஏற்கெனவே இருப்பவர் தலையில் கட்டக் கூடாது. சட்டங்கள் திருந்தின. ஆனால் பப்களின் எண்ணிக்கை? 2000-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 60,000; 2023-இல் 45,000-ஐ ஒட்டி. பாடும் உரிமை வந்தபோது பாடுவதற்கான கூடங்கள் குறைந்துவிட்டன.

நின்ற வீடு

அதே தேம்ஸில் கீழே போனால் பார்ன்ஸ். கரையிலேயே ‘புல்ஸ் ஹெட்’ என்ற பப். 1959 முதல் அங்கே ஜாஸ் நடக்கிறது. ஈல் பை தீவு தொடங்கி மூன்று வருடம் கழித்து ஆரம்பித்தவர்கள், அது சாம்பலாகி அரை நூற்றாண்டு தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம்? ஒரு பக்கம் சாப்பாடும் பீரும் ஓடிக்கொண்டே இருக்கிறது; இன்னொரு பக்கம் தனி அறையில் இசை. மழைக்கால திங்கட்கிழமையில் பாட்டுக்கு இருபது பேர் வந்தாலும், கூரை ஒழுகினால் அடைக்கக் கல்லாவில் காசு இருக்கும். ஈல் பை தீவின் விடுதி இசையை நம்பியே நின்றது, பழைய கூரையை யாரும் பார்க்கவில்லை. மனம் மயக்கும் கதை முன்னதல்ல, பின்னதுதான். ஆனால் இசைக்கு உதவியது முன்னது.

அதனால் ‘ஈல் பை மாதிரி ஓர் இடம் இனி வருமா’ என்று ஏங்குகிற கட்டுரைகளில் எனக்கு ஒப்புதல் இல்லை. இடம் வந்தால் போதாது. வாசலில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு சிஸ்னல் வேண்டும், உத்தரத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அந்தத் தீவில் முதலாமவர் இருந்தார், இரண்டாமவர் இல்லை.

லண்டன் போகிற வாசகர்களுக்கு ஒரு யோசனை. வாட்டர்லூவிலிருந்து ட்விக்கன்ஹாமுக்கு நேரடி ரயில் உண்டு. ஊருக்குள் ஈல் பை தீவு அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். தீவில் இருப்பவை தனியார் வீடுகளும் படகுத் துறைகளும் ஓவியர்களின் கூடங்களும். கூடங்களை வருடத்தில் சில நாள் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். அந்தத் தேதியைப் பார்த்துப் போனால் உள்ளே நடக்கலாம். மாலையில் பார்ன்ஸுக்கோ, வழியில் கண்ணில் படும் ஏதாவது ஊர்ப்புற விடுதிக்கோ போய்ப் பாட்டுக் கேளுங்கள். டிக்கெட் இருந்தால் வாங்குங்கள்; தொப்பியை நீட்டினால் காசு போடுங்கள். குடிக்கும் பழக்கமில்லாதவர்கள் ஓர் எலுமிச்சை சோடாவாவது வாங்குங்கள். அந்த வீடுகள் ஓடுவது அந்தக் காசில்தான்.